விண்வெளியில் நிறை பூஜ்யமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு சிறுவர் இணைப்பில், 'சர்வதேச விண்வெளி நிலையத்தில் வீரர்களின் நிறை பூஜ்யம்' என்று போட்டிருக்கிறீர்கள். முப்பத்தொரு வருஷம் இயற்பியல் நடத்தியவன் நான். என் பேத்தியோ அந்தப் பக்கத்தை மூக்குக்கு நேரே நீட்டி, "பேப்பர்லயே போட்டிருக்கே தாத்தா" என்கிறாள்.

தங்களுக்குத் தெரியாததா? எடை, பூமி இழுக்கிற விசை. நிறை பொருளோடேயே இருப்பது. நகர்த்தப் போனால் முரண்டு பிடிப்பது அதுதான். வகுப்பில் இரண்டு பால் கேன்களை உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிடுவேன். ஒன்றில் மணல், ஒன்று காலி. பாரத்தைக் கயிறு தாங்கிக்கொள்கிறது, சரி. ஒற்றை விரலால் சட்டென்று தள்ளச் சொல்வேன். காலி கேன் ஊஞ்சலாடும். மணல் கேனில் விரல்தான் மடங்கும். அந்த முரண்டு விண்வெளியிலும் அப்படியே இருக்கும். 1973-இல் ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையத்தில் வீரர்களை ஸ்பிரிங் இருக்கையில் ஆட்டிவிட்டு, ஓர் ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறதென்று பார்த்துத்தான் நிறையைக் கணக்கிட்டார்கள். பூஜ்யத்தையா கணக்கிட்டார்கள்?

யாழ்ப்பாணத்துப் பாடநூலைப் பார்த்து எழுதினோம் என்றாலாவது கொஞ்சம் ஆறியிருப்பேன். அங்கே நம் எடைக்குத்தான் 'நிறை' என்று பெயர்; நம் நிறை அவர்களுக்குத் 'திணிவு'. ஆனால் அந்தப் பொருளில் பார்த்தாலும், நிலையம் சுற்றுகிற 400 கிலோமீட்டர் உயரத்தில் புவியீர்ப்பும் ஏறக்குறைய 90 சதவீதம் இருக்கிறதே! நிலையத்தோடு சேர்ந்து விழுந்துகொண்டே இருப்பதால்தான் மிதக்கிறார்கள்.

இது முதல் தடவையா? 2012-இல் ஹிக்ஸ் போசான் என்ற துகளைப் பற்றி, 'எல்லா நிறையையும் தருவது கடவுள் துகள்' என்றீர்கள். புரோட்டானின் நிறையில், அதற்குள் இருக்கும் குவார்க்குகள் என்ற நுண்துகள்களின் சொந்தப் பங்கு ஒரு சதவீதம் அளவுதான், மிச்சமெல்லாம் உள்ளே அடைபட்ட ஆற்றல் என்று இன்லேண்டு லெட்டரில் எழுதிப் போட்டேன். 2019 மே 20-இல் கிலோகிராமுக்குப் புது வரையறை வந்தது. பிரான்சில் பூட்டி வைத்திருந்த உலோக உருளைக்குப் பதில் பிளாங்க் மாறிலி என்ற, இயற்கையில் என்றும் மாறாத ஓர் அளவு, அவ்வளவுதான். நீங்கள் 'இனி கிலோவின் எடை மாறுகிறது' என்று தலைப்பு வைத்தீர்கள். எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர், "படிக்கல்லை மாத்தணுமா சார்?" என்று என்னிடம் வந்து நின்றார். அதற்கும் எழுதினேன். இரண்டும் வெளிவரவில்லை. இடமில்லை போலும். ராசிபலன் மட்டும் ஒருநாளும் விட்டுப்போனதில்லை.

இப்போது கேட்பது ஒரே ஒரு வரி: 'வீரர்களின் நிறை மாறுவதில்லை.' அதே ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில். பேத்தி கண்ணில் படுகிற மாதிரி இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கும்பகோணம்.