"சினிமாவில் எப்போது?" என்று கேட்பதை விடலாமே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் சிங்கப்பூரில் பேண்டு வைத்துச் சொந்தப் பாட்டு போடும் தமிழ்ப் பிள்ளைகளை யார் பேட்டி கண்டாலும், ஏன், கல்யாண வீட்டில் பார்த்தாலும்கூட, "சினிமாவில் எப்போது வாய்ப்பு?" என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு இதில் எரிச்சல் வந்துவிட்டது. சினிமாப் பாட்டு வேறு தொழில், இது வேறு தொழில்.

சிகாகோவின் வில்கோ என்ற இண்டி ராக் குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1994ல் அங்கிள் டுப்பலோ என்ற குழு உடைந்ததும், மிச்சம் இருந்தவர்களைச் சேர்த்து அதன் பாடகர்களில் ஒருவரான ஜெஃப் ட்வீடி தொடங்கியது. 1995ல் முதல் ஆல்பம், மறு ஆண்டே இரட்டை ஆல்பம், நல்ல விமர்சனங்கள். ஆனால் பெரிய நட்சத்திரங்கள் ஆகிவிடவில்லை. 2001ல் 'யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்' என்ற நான்காவது ஆல்பத்தை முடித்துக் கொடுத்தபோது, அதற்குப் பணம் போட்ட ரிப்ரைஸ் நிறுவனம் கேட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றது. குழு கெஞ்சவில்லை, ஆல்பத்தின் உரிமையைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தது. அந்தச் செப்டம்பரில் முழு ஆல்பத்தையும் தன் இணையத்தளத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று போட்டுவிட்டது! 2001ல் இது சின்னத் துணிச்சல் இல்லை.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஆல்பத்தை விலைக்கு வாங்கியது நான்சச் நிறுவனம். அதற்கும் ரிப்ரைஸுக்கும் ஒரே முதலாளி, டைம் வார்னர். ஆக, ஒரே கல்லாவிலிருந்து ஒரே ஆல்பத்துக்கு இரண்டு முறை பணம் போனது. 2002 ஏப்ரலில் கடைக்கு வந்தபோது அமெரிக்கப் பட்டியலில் 13ஆம் இடம், பின்னாளில் 5 லட்சத்துக்கும் மேல் விற்பனை.

இதற்கு நடுவே குழுவும் கலைந்து கலைந்துதான் சேர்ந்தது. டிரம்மர் மாறினார், ட்வீடியோடு சேர்ந்து பாட்டு எழுதிய ஜே பென்னட் விலக்கப்பட்டார். 2004ல் ட்வீடியே வலி மாத்திரைப் பழக்கத்துக்குச் சிகிச்சை எடுக்க வேண்டியிருந்தது, அதே ஆண்டு வந்த ஆல்பத்துக்குத்தான் கிராமி இசை விருது கிடைத்தது. தொடக்கத்திலிருந்து இன்றுவரை இருப்பவர்கள் ட்வீடியும் பேஸ் வாசிக்கும் ஜான் ஸ்டிராட்டும் மட்டுமே. 2011 முதல் சொந்த லேபிளில், அதாவது தங்கள் சொந்த இசை நிறுவனத்தில், வெளியிடுகிறார்கள்.

இங்கே நம் பிள்ளைகள் நிலைமை என்ன? கிட்டார் வாசிக்கிறவன் ஆண் பிள்ளைகளுக்குக் கட்டாயமான தேசிய சேவையை முடித்து வரும்போது டிரம்மர் உள்ளே போகிறான், இருவரும் வெளியே வந்தால் பாடுகிற பெண் பல்கலைக்கழகத் தேர்வில் மாட்டிக்கொள்கிறாள். சேர்ந்து வாசித்துப் பழகும் ஜாமிங் ஸ்டூடியோவுக்கு மணிக்கணக்கில் வாடகை கட்ட வேண்டும். வசந்தம் தொலைக்காட்சியின் பாட்டுப் போட்டிகளை நான் குறை சொல்லவில்லை, நானும் பார்க்கிறேன், ஆனால் அங்கே பாடுவது பெரும்பாலும் அடுத்தவர் பாட்டு. எஸ்பிளனேட் கலை அரங்கின் இந்தியக் கலை விழாவான கலா உத்சவத்தில் இவர்களில் யாராவது மேடை ஏறினால் நான்கு வரிச் செய்தியோடு நிறுத்திவிடாதீர்கள்.

அவர்களை உட்கார வைத்துப் பேசுங்கள். பாட்டை யார் எழுதுகிறார், பதிவுச் செலவை யார் ஏற்கிறார், உரிமை யார் பெயரில் இருக்கிறது, ஆள் மாறினால் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அரைப் பக்கம் ஒதுக்கினால்கூடப் போதும், சரியா?

தெம்பனிஸ் வாசகர்