மில்லுக்காரர் வீட்டுத் திங்கள்கிழமை

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய மதுரையைப் பற்றி யார் எழுதினாலும் மில் சங்கில் ஆரம்பித்துத் தீபாவளி போனஸில் முடித்துவிடுகிறார்கள். நானும் மேலப்பொன்னகரத்தில் அந்தச் சங்கைக் கேட்டு வளர்ந்தவன்தான். 1890களில் ஹார்வி சகோதரர்களின் மதுரை மில் வந்தது, அதன் தொழிலாளர்களுக்காக ஹார்விபட்டி என்று ஒரு குடியிருப்பே எழுந்தது, எல்லாம் சரி. ஆனால் மில்லுக்காரர், அதாவது மில் தொழிலாளி, வீட்டுக்குள் நடந்ததை யாரும் எழுதக் காணோம்.

என் அப்பா வேறொரு மில்லில் நூல் நூற்கும் ஸ்பின்னிங் பிரிவில் இருந்தார், பெயர் வேண்டாம். ரிங் பிரேம் என்ற நூற்பு இயந்திரத்தின் இரைச்சலில் கத்திப் பேசியே பழகியதால் வீட்டிலும் அதே குரல்தான், யாரிடம் கடன் கேட்கலாம் என்று அம்மாவிடம் ரகசியம் பேசினால்கூட எதிர்வீட்டுக்குக் கேட்கும், அவர்கள் வீட்டுச் சங்கதி எங்களுக்குக் கேட்கும், சரிக்குச் சரி. நைட் ஷிப்ட் பார்த்தவர்கள் பகலில் தூங்குவதால் பம்பரம் விடக்கூட நாங்கள் தெருமுனைக்குப் போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா நன்றாகத்தான் இருப்பார். திங்கள்கிழமை ஷிப்ட் முடிந்து வந்தால் புருவமெல்லாம் பஞ்சோடு, நெஞ்சைப் பிடித்தபடி திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். வெல்லம் தின்றால் தூசி இறங்கிவிடும் என்று அப்பத்தா ஒரு கட்டி கொடுப்பார், அதில் எனக்கும் ஒரு துண்டு கிடைக்கும் என்பதால் திங்கள்கிழமை எனக்குப் பிடித்த நாள். பஞ்சுத் தூசியால் வரும் அந்த நுரையீரல் நோய்க்குப் பிசினோசிஸ் என்று பெயர், லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள்தான் ஆரம்பத்தில் நெஞ்சு இறுகும் என்பதெல்லாம் ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலேயே அது இருந்தது. அப்பாவைப் பார்த்த டாக்டர் சொன்னதோ பீடி இருமல். அப்பா பீடி குடித்தார், அது உண்மைதான். ஆனால் எங்கள் தெருவில் நூலைக் கூம்புகளில் சுற்றும் கோன் வைண்டிங் வேலைக்குப் போன அக்காமாரும்தான் இருமினார்கள், அவர்கள் எந்தப் பீடியைக் குடித்தார்கள்?

அவர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் நிருபர் யாராவது மேலப்பொன்னகரம், ஆரப்பாளையம், ஹார்விபட்டி பக்கம் போய் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்யுங்களேன். சங்கைப் பற்றிக் கேட்க வேண்டாம். எந்தப் பிரிவில் வேலை, எத்தனை வயதில் மூச்சு இரைக்க ஆரம்பித்தது, நஷ்டஈடு என்று ஏதாவது கைக்கு வந்ததா, இதைக் கேளுங்கள். காலையில் போனால் நல்லது, சாயங்காலம் சீரியல் ஓடும்.

இப்படிக்கு,
மில் தொழிலாளி மகன்,
மதுரை