111 ரூபாய் 9 காசு

வியாசர்பாடி
17.4.2022

அன்பு மகன் சரவணனுக்கு அப்பா எழுதுவது.

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது இது என்ன கடுதாசி என்று நினைப்பாய். போனில் நான் ஆரம்பித்தால் "சரிப்பா, சரிப்பா" என்கிறாய், அதற்குள் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். அவள் பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் கட்டிவைத்திருக்கிறாள். இன்று ராத்திரி பெங்களூர் பஸ்ஸில் போட வேண்டும். அதோடு இதையும் வைத்துவிடலாம் என்று ஆட்டோ ஸ்டாண்டில் வண்டியின் பின் சீட்டில் உட்கார்ந்து, காயத்ரியின் பரீட்சை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஒரு மணி நேரமாகச் சவாரி இல்லை.

முதலில் ஒரு விஷயம். வண்டி எடுப்பதற்கு முன்னால் டயரில் காற்று பார். வாரம் ஒரு முறையாவது பார். காற்று குறைந்தால் பெட்ரோல் குடிக்கும். நண்பனுடைய வண்டி என்றாய். யாருடையதாக இருந்தால் என்ன, காற்று காற்றுதான்.

இங்கே நிலவரம் உனக்கும் தெரிந்ததுதான். போன மாதம் 22-ஆம் தேதி பெட்ரோல் விலையை ஏற்ற ஆரம்பித்தார்கள். தினம் 76 காசு, 75 காசு என்று பதினாறு நாளில் பதினான்கு தடவை. 101.40-ல் இருந்தது 110.85-ல் வந்து நிற்கிறது. அதற்கு முன்னால் நாலரை மாதம் ஒரு காசு அசையவில்லை. உத்தரப்பிரதேசத்தில் ஓட்டு எண்ணி முடிக்கிற வரைக்கும்தான் இந்தக் கருணை என்று நம் ஸ்டாண்டில் டிசம்பரிலேயே சொன்னார்கள். நான்தான் நம்பவில்லை. உக்ரைன் சண்டையால் ஏறுகிறது என்கிறார்கள், சரி. கொரோனா வந்த வருஷம் கச்சா எண்ணெய் மண்ணாய்க் கிடந்ததே, அப்போது இறங்கியதா? அந்த மே மாதத்தில் பெட்ரோலுக்கு 10 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய் வரியைத்தான் ஏற்றினார்கள். ஏறும்போது உலகச் சந்தை, இறங்கும்போது அவர்கள் கஜானா.

எனக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர். 9 ரூபாய் 45 காசு ஏறினால் நாளுக்கு 47 ரூபாய். மாதம் 26 நாள் வண்டி எடுத்தால் ஆயிரத்து இருநூறுக்கு மேல். ஒரு சிலிண்டரும் ஒரு பாக்கெட் எண்ணெயும் அதில் போச்சு. சிலிண்டர் இப்போது 965.50, தூக்கிவந்து போடுகிறவருக்குத் தனியாக 50. அம்மாவின் பிரஷர் மாத்திரைகூட ஒன்றாம் தேதியிலிருந்து ஏறிவிட்டது. வருஷப் பிறப்புக்குப் பானகம் கரைக்க எலுமிச்சம்பழம் கேட்டால் ஒன்று பத்து ரூபாய் என்றான். புளி போதும் என்று வந்துவிட்டாள்.

மீட்டர் கதைதான் உனக்குத் தெரியுமே. 2013 ஆகஸ்டில் போட்டது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. அன்றைக்குப் பெட்ரோல் எழுபத்துச் சொச்சம். நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். நீ கல்லூரி முடித்து வேலைக்கும் போயாயிற்று, அந்த 25 அப்படியே இருக்கிறது. அதனால்தான் யாரும் மீட்டர் போடுவதில்லை, ஜனங்கள் எங்களைத் திட்டுகிறார்கள். திட்டட்டும், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. உன் ஊரில் போன டிசம்பரிலேயே 2 கிலோமீட்டருக்கு 30 என்று ஏற்றிவிட்டார்களாம். போன் பார்த்து ஓட்டுகிற கம்பெனிகளிடமும் சேர்ந்து பார்த்தேன். அவர்கள் பிடித்துக்கொண்டு தருவது பெட்ரோலுக்குக் காணவில்லை. இன்னொரு வேடிக்கை: வெள்ளை போர்டு பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றானதிலிருந்து அம்மா ஃபால்ஸ் தைக்கிற புடவை வாங்கச் சவுகார்பேட்டைக்கு ஒரு பைசா செலவில்லாமல் போய்வருகிறாள். முன்பு மார்க்கெட் சவாரி வந்த பெண்களும் அந்த பஸ்ஸில்தான் போகிறார்கள். ஒரே வீட்டில் அவளுக்கு லாபம், எனக்கு நஷ்டம். சொன்னால் சிரிக்கிறாள்.

காயத்ரிக்கு அடுத்த மாதம் 5-ஆம் தேதி பப்ளிக் ஆரம்பம். படிக்கிறாள். அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

போன ஞாயிறு நீ பேசியதுதான் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் சும்மா, பேச வேண்டுமே என்று, "இங்கே 110.85டா" என்றேன். நீ யோசிக்கவே இல்லை. "இங்க 111 ரூபா 9 காசுப்பா" என்றாய். ரூபாயோடு நிறுத்தவில்லை, காசையும் சொன்னாய். கம்பெனி காரில் ஏறிப் போய் ஏறி வருகிறவனுக்கு எத்தனையோ தெரியலாம், அந்த 9 காசு தெரியாது. முப்பது வருஷமாக நான் ஏற்றாத ஆள் இல்லை. டாக்டர், வக்கீல், பாங்க் மேனேஜர், ஒருத்தருக்கும் காசு வரைக்கும் தெரிந்து நான் பார்த்ததில்லை. நூறு ரூபாய்க்குப் போடு என்று எண்ணிக் கொடுத்து, முள்ளையே பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவனுக்குத்தான் தெரியும்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. தெரிந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான். யுகாதிக்கு ரூம் பையன்களோடு எடுத்த போட்டோ அனுப்பினாய். அம்மா சட்டையைப் பார்த்தாள், புதுசு என்று சந்தோஷப்பட்டாள். நான் கையைப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே இரண்டு கையும் ஒரு நிறம், மேலே ஒரு நிறம். ஒன்றாம் தேதி மொத்தமாக வருகிற பணம் பிப்ரவரியிலிருந்து புதன்கிழமை புதன்கிழமையாக வருகிறது. 2,300, 1,850, 2,600. வாரக் கணக்கு முடிக்கிற தொழில் எதுவென்று எனக்குத் தெரியாதா? செயின் தளர்ந்தால் எத்தனை சுற்று முறுக்க வேண்டும் என்று நீ கேட்டபோதும், பின்னால் யாரோ "ஓடிபி ஹேளி" என்று கன்னடத்தில் ஓடிபி கேட்டது காதில் விழுந்தபோதும் நான் பேச்சை மாற்றிவிட்டேன். சென்ட்ரலில் இறக்கிவிட்ட ஒரு பையன் சொன்னான், ஆன்லைனில் பாடம் நடத்துகிற கம்பெனிகளில் ஆளைக் குறைக்கிறார்களாம். உன் கம்பெனி அப்படி இருக்காது.

பெரிய கம்பெனியில் மகன் என்று ஸ்டாண்டில் நான் சொல்லாத நாள் இல்லை. அந்தப் பேச்சை நீ கெடுத்துவிடாதே என்று எழுத நினைத்து, எழுதி, அடித்துவிட்டேன். அடித்தது தெரிந்தால் பார்க்காதே. ஆனால் ஒன்று கேட்கிறேன். பெற்றவனிடம் சொல்ல முடியாத அளவுக்கு என்ன இருக்கிறது? இவ்வளவு கஷ்டப்பட்டு ஓட்டிப் படிக்கவைத்தேனே, ஒரு வார்த்தை

இங்கே ஒரு சவாரி வந்தது, பெரம்பூர் வரைக்கும் போய்வந்தேன். மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். எனக்கே பிடிக்கவில்லை. ஓட்டிப் படிக்கவைத்தேன் என்பதும் முழு உண்மை இல்லை. உன் ஃபீஸில் பாதிக்கு மேல் முதல் பட்டதாரி சலுகையில் கழிந்தது. மீதிக்கு அம்மா கண் போகத் தைத்தாள்.

2017 ஞாபகம் இருக்கிறதா? பெட்ரோல் விலை தினம் காலையில் மாறும் என்று கொண்டுவந்தார்களே, அந்த ஜூன். கல்லூரியில் எங்கேயோ ஃபேக்டரி பார்க்கக் கூட்டிப்போகிறார்கள் என்று 2,500 ரூபாய் கேட்டாய். நான் கன்னத்தில் அறைந்தேன். காயத்ரி பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் சுற்றவா அனுப்பினேன், குடும்பக் கஷ்டம் தெரியாத பிள்ளை என்று என்னென்னவோ கத்தினேன். நீ ஒன்றும் பேசாமல் மாடிக்குப் போய்விட்டாய். அதற்குப் பிறகு என்னிடம் நீ பணம் கேட்டதே இல்லை.

அன்றைக்கு என்னிடம் வண்டி இல்லை. மூன்று மாத டியூ நின்றதால் ஃபைனான்ஸ்காரன் ஸ்டாண்டிலேயே வந்து ஓட்டிக்கொண்டு போய்விட்டான். வீட்டில் இன்ஜின் வேலைக்கு விட்டிருக்கிறேன் என்றேன். ஆனாலும் தினம் காலையில் காக்கிச் சட்டை போட்டு, சாப்பாட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு கிளம்புவேன். பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, மத்தியானம் அங்கேயே சாப்பிட்டு, டப்பாவைக் குழாயில் கழுவிக்கொண்டு சாயங்காலம் வருவேன். முதல் இரண்டு வாரம் அப்படி. அப்புறம் ராத்திரி வாடகை வண்டி கிடைத்தது. நீ கேட்ட அன்று என் சட்டைப் பையில் 60 ரூபாய் இருந்தது. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை, கை வந்தது.

அம்மாவின் வளையல் சித்தி கல்யாணத்துக்குப் போனதாக உனக்குச் சொன்னோம். கல்யாணத்துக்கு இல்லை, வண்டியை மீட்கத்தான் போனது. வண்டி பறிபோனது அவளுக்கும் ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும், அதுவும் நான் சொல்லி இல்லை. டப்பாவின் மூடியில் ஸ்டேஷன் குழாயின் உப்புத் தண்ணீர் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்துக் கேட்டாள். அவள் திட்டவில்லை. மறுநாளும் டப்பா கட்டிக் கொடுத்தாள்.

இதை உன்னிடம் சொல்ல ஐந்து வருஷம் ஆகியிருக்கிறது. இன்னும் நேரில் சொல்ல வரவில்லை.

சரி, காற்று பார்த்துக்கொள். பங்க்கில் ஜீரோ பார்த்துப் போடு. அவன் பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லாதே, மீட்டரைப் பார். சில்க் போர்டு சிக்னல் மாதிரி இடத்தில் இன்ஜினை அணைத்துவிடு. பிளக்கை மாதம் ஒரு முறை கழற்றித் துடை. மழை பெய்தால் ஓரமாக நில், பத்து நிமிஷம் தாமதமானால் யாரும் செத்துவிட மாட்டார்கள். பசியோடு வண்டி எடுக்காதே. புதன்கிழமைப் பணத்தை இரண்டு வாரம் அனுப்பாவிட்டால் இங்கே ஒன்றும் குடி முழுகிவிடாது. டியூ போன நவம்பரோடு முடிந்துவிட்டது, வண்டி இப்போது நம்முடையது. கிளட்ச் கேபிள் நேற்றுத்தான் புதிதாகப் போட்டேன். ஊருக்கு வரத் தோன்றினால் வா. ராத்திரி பஸ்ஸில் ஏறினால் காலையில் கோயம்பேட்டில் நான் நிற்பேன். மீட்டர் போட மாட்டேன்.

பொடி டப்பாவுக்கு அடியில் செய்தித்தாளில் சுற்றி ஒரு பொட்டலம் இருக்கிறது. வெயிலுக்குக் கையில் மாட்டுகிற துணி உறை, இரண்டு ஜோடி. மூலக்கடை சிக்னலில் விற்றான், ஜோடி ஐம்பது என்றான், இரண்டுமாக எண்பதுக்கு வாங்கினேன். அம்மாவுக்குத் தெரியாது. உன் கைக்கு இறுக்கமாக இருந்தால் சொல், பெரிய அளவும் வைத்திருந்தான்.

அப்பா