தொடையில் துளை, மறுநாளே வீடு?

ஆசிரியருக்கு,

வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கு (இதயத்திலிருந்து வரும் முதன்மை ரத்தக்குழாய் வயிற்றுப் பகுதியில் புடைப்பது) தொடை வழியாக உறை ஸ்டென்ட் (துணி போர்த்திய உலோக வலைக்குழாய்) வைப்பதை ‘சின்னத் துளை, மறுநாளே வீடு’ என்று எழுதிவிடுகிறார்கள். எளிய வீக்கத்துக்கு அது ஓரளவு பொருந்தும். சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே 10 முதல் 15 மில்லிமீட்டராவது வீங்காத பகுதி இருந்தால்தான் சாதாரண உறை ஸ்டென்ட் பிடித்து நிற்கும். அந்தக் ‘கழுத்து’ குட்டையாக இருந்தாலோ, வெகுவாக வளைந்திருந்தாலோ, உட்சுவரில் ரத்தக்கட்டி படிந்திருந்தாலோ ஸ்டென்ட்டின் மேல்முனையில் ரத்தம் வீக்கத்துக்குள் கசியும். வீக்கத்துக்குள் அழுத்தம் குறையாது. வெடிக்கும் அபாயமும் போகாது.

இப்படிப்பட்ட கழுத்து உள்ளவர்களுக்குத்தான் ஜன்னல் வைத்த ஸ்டென்ட். சி.டி. ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) படத்தை 1 மில்லிமீட்டர் துண்டுகளாகப் பார்த்து, ஒவ்வொரு கிளைத் தமனியும் எந்த உயரத்தில், கடிகாரக் கணக்கில் எத்தனை மணித் திசையில் பிரிகிறது என்று அளந்து, உறைத்துணியில் அதே இடத்தில் துளை வைப்பார்கள். செய்து வர வாரக்கணக்கில் ஆகும். ஏற்கெனவே வெடித்தவருக்கு அந்த அவகாசம் ஏது? பொருத்தும்போது ஒவ்வொரு ஜன்னல் வழியாகவும் சிறுநீரகத் தமனிக்குள், தேவைப்பட்டால் குடல் தமனிக்குள்ளும், ஒரு சிறு ஸ்டென்ட் செருக வேண்டும். உறை சற்றே திரும்பி உட்கார்ந்தாலும் ஜன்னலும் தமனி வாயும் விலகி, சிறுநீரகத்துக்கு ரத்தம் நின்றுபோகலாம். பெருந்தமனியை நீளமாக மூட நேர்ந்தால் தண்டுவடத்துக்கு ரத்தம் குறைந்து கால்கள் செயலிழக்கும் ஆபத்தும் உண்டு. இதை முன்கூட்டியே நோயாளியிடம் சொல்லியாக வேண்டும்.

பொருத்திய பின் முதல் மாதம் சி.டி., பிறகு ஆயுள் முழுக்கத் தொடர் ஸ்கேன். அதற்கு வர இயலாதவர், உடல் தாங்குமென்றால், திறந்த அறுவை சிகிச்சையையே கேட்பது மேல்.