எலி ஆய்வைக் காட்டி மாத்திரை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தாயின் குடல் நுண்ணுயிரிகள் பிள்ளையின் மனநலத்தைப் பாதிக்கும் என்று எழுதுவோர், முக்கியமான ஆய்வுகள் சுண்டெலிகளில் நடந்தவை என்பதை முதலிலேயே சொல்ல வேண்டும். 2016இல் அமெரிக்காவின் பேலர் மருத்துவக் கல்லூரிக் குழு, கலோரியில் 60 சதவீதம் கொழுப்புள்ள தீவனத்தைத் தாய் எலிகளுக்குக் கொடுத்தது. குட்டிகள் மற்ற எலிகளோடு பழகத் தயங்கின. அவற்றின் குடலில் லாக்டோபேசில்லஸ் ரூட்டரி என்ற பாக்டீரியா 9 மடங்குக்கு மேல் குறைந்திருந்தது. குடிநீரில் அதை 4 வாரம் கலந்து கொடுத்ததும் பழகும் இயல்பு திரும்பியது. சூட்டில் கொல்லப்பட்ட பாக்டீரியா பலிக்கவில்லை. உயிருள்ளது கொடுத்தும் பதற்றம் தீரவில்லை.

இதை நம்பிக் கர்ப்பிணிகள் தாமாகவே புரோபயாடிக் (உயிருள்ள நல்ல பாக்டீரியா அடங்கிய) மாத்திரை விழுங்க வேண்டாம். குடல் நுண்ணுயிரி அழியுமே என்று பயந்து, மருத்துவர் எழுதிய ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்துவது இன்னும் ஆபத்து: சிறுநீர்த் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறினால் குறைப்பிரசவம்கூட நேரலாம்.