தரகரை நம்பிப் பிள்ளையை அனுப்ப வேண்டாம்

சான் பிரான்சிஸ்கோ,
1898 ஏப்ரல்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலம். அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது.

ஆற்றோர வயலை விற்றுத் தரகரிடம் பணம் கட்டி உங்கள் பெரியவனை இங்கே அனுப்பப் போவதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம் அண்ணா. நான் கப்பலேறிய காலம் வேறு. 1882-இல் இந்த அமெரிக்க சர்க்கார் போட்ட சட்டத்துக்குப் பிறகு நம் சீனர்களில் வியாபாரி, மாணவர், ஆசிரியர், பயணி இவர்களுக்கு மட்டும்தான் வழி. உடம்பை நம்பிப் பிழைக்க வரும் சீனனுக்குக் கதவு அடைத்தாயிற்று. தரகர் வியாபாரி என்று காகிதம் வாங்கித் தருவார். இங்கே அதிகாரி குறுக்குக் கேள்வி கேட்கும்போது பையன்தான் தனியாக நிற்க வேண்டும்.

சரியான காகிதம் இருந்தாலும் நம்ப முடியாது. சே சான் பிங் என்பவர் இங்கே 12 வருடம் வேலை செய்தவர். திரும்பி வரலாம் என்று சர்க்காரே கொடுத்த சான்றிதழோடுதான் ஊருக்குப் போனார். 1888-இல் அவர் கடலில் வந்துகொண்டிருக்கும்போதே அந்தச் சான்றிதழ்கள் செல்லாது என்று சட்டம் வந்துவிட்டது. சுப்ரீம் கோர்ட் வரை போராடியும் தோற்றார். அவரைப் போல அப்போது ஊருக்குப் போயிருந்த ஆயிரக்கணக்கானவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள்.

நான் ஏன் ஊருக்கு வரவில்லை என்று என் மனைவி அழுவதாக எழுதியிருந்தீர்கள். அவளுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். இப்போதுள்ள விதிப்படி நான் வந்துவிட்டுத் திரும்ப வேண்டுமென்றால் மனைவி, பிள்ளை, பெற்றோர் யாராவது இங்கே இருக்க வேண்டும். இல்லையென்றால் 1,000 டாலர் சொத்தோ வர வேண்டிய கடனோ காட்ட வேண்டும். சலவைக் கடையில் சட்டைக்கு இஸ்திரி போடுகிறவனிடம் அவ்வளவு ஏது? அவளை இங்கே அழைத்துக்கொள்ளவும் விடமாட்டார்கள். கூலிக்காரன் மனைவியையும் கூலியாகத்தான் எண்ணுகிறது சட்டம்.

1892-இல் சீனக் கூலிக்காரர் எல்லாரும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றார்கள். காகிதம் இல்லாமல் பிடிபட்டால், முன்பே இங்கே குடியிருந்தோம் என்று ஒரு வெள்ளைக்காரர் வந்து சாட்சி சொல்ல வேண்டுமாம். பதியாதீர்கள் என்று இங்குள்ள நம் சீனர்களின் ஆறு சங்கங்களும் சொல்லி, வழக்குச் செலவுக்கு ஆளுக்கு ஒரு டாலர் வசூலித்தன. நானும் கொடுத்தேன். மறு வருடம் அந்த வழக்கும் தோற்றது. வேறு வழியில்லாமல் பதிந்துகொண்டோம். அந்தச் சான்றிதழில் என் படம் ஒட்டி, வயது, உயரம், நிறம், அடையாளம் எல்லாம் எழுதியிருக்கிறது. மெழுகுத்துணியில் சுற்றி உள்சட்டையில் வைத்திருக்கிறேன். இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் வியர்த்து ஊற்றும்போதெல்லாம் கை தானாக அதைத் தொட்டுப் பார்க்கிறது.

எல்லாமே தோல்வி என்று நினைக்க வேண்டாம். மரக் கட்டடத்தில் சலவைக் கடை நடத்த நகரசபை அனுமதி வேண்டும் என்று முன்பு ஒரு விதி இருந்தது. நம்மவர் சுமார் 200 பேர் கேட்டும் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. வெள்ளைக்காரர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் கொடுத்தார்கள். யிக் வோ கடைக்காரர் வழக்குப் போட்டு 1886-இல் ஜெயித்தார். அதனால்தான் நான் வேலை செய்யும் கடை இன்றும் திறந்திருக்கிறது.

போன மாதம் 28-ஆம் தேதி இன்னொரு தீர்ப்பு வந்தது. வோங் கிம் ஆர்க் என்ற சமையல்காரர் இந்த ஊரிலேயே பிறந்தவர், பெற்றோர் நம் பக்கத்து ஆட்கள். 1895-இல் சீனாவிலிருந்து திரும்பியவரை இறங்க விடாமல் மாதக்கணக்கில் கப்பல் மாற்றிக் கப்பலாக அடைத்து வைத்தார்கள். இங்கே பிறந்தவர் இந்த நாட்டுக் குடிமகன்தான் என்று இப்போது சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அன்று இரவு நம் தெருவில் தூங்கினவர்கள் குறைவு. எனக்கு அதில் லாபம் ஒன்றுமில்லை, ஆனாலும் கண் கலங்கிவிட்டது அண்ணா.

பெரியவனை ஹாங்காங்கில் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். மாணவனாக வர சட்டமே இடம் கொடுக்கிறது. அவன் படிப்புச் செலவு என் பொறுப்பு. இந்தக் கடிதத்தோடு 30 டாலர் அனுப்புகிறேன். அம்மாவின் மருந்துக்குப் போக மீதியைப் பள்ளிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பணம் கைக்கு வந்ததும் பதில் போடுங்கள்.

அன்புள்ள தம்பி