ஆட்டோ கட்டணத்தை எரிபொருள் விலையோடு சேர்த்து மாற்றி அமைக்கக் கோரும் மனு

நாள்: 3.3.2025
இடம்: சென்னை

அனுப்புநர்
பெரம்பூர் ரயில் நிலையப் பகுதி ஆட்டோ ஓட்டுநர்கள்
(கீழே கையெழுத்திட்டுள்ள 23 பேர்),
சென்னை - 600 011.

பெறுநர்
உயர்திரு போக்குவரத்து ஆணையர் அவர்கள்,
கிண்டி, சென்னை - 600 032.

பொருள்: 2013-க்குப் பிறகு மாற்றப்படாத ஆட்டோ மீட்டர் கட்டணத்தை இன்றைய எரிபொருள் விலைக்கு ஏற்ப உயர்த்தவும், இனி ஆண்டுதோறும் மறுபரிசீலனை செய்யவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

நாங்கள் பெரம்பூர் ஸ்டேஷன் பக்கம் ஆட்டோ ஓட்டிப் பிழைப்பவர்கள். எங்களில் பாதிப் பேருக்கு மேல் வாடகை வண்டிதான். எல்லோர் சார்பிலும் இந்த மனுவை எழுதுகிற நான் பத்தொன்பது வருடமாக ஓட்டுகிறேன்.

போன மாதம் ஒரு நாள் காலை ஏழு மணி இருக்கும். ஒரு பாட்டி பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்தார். கையில் மஞ்சள் பை, அதற்குள் ஆஸ்பத்திரி ஃபைல். ஜி.எச். (அரசு பொது மருத்துவமனை) போக வேண்டும், ஓ.பி. (வெளிநோயாளி) சீட்டு போடும் வரிசை நீளமாகிவிடும் என்று அவசரப்பட்டார். இங்கிருந்து சுமார் ஆறு கிலோமீட்டர். நான் 150 கேட்டேன். அவர் பேரம் பேசவில்லை. வண்டிக்குள் எட்டிப் பார்த்து, மீட்டர் மேல் படிந்திருந்த தூசியை விரலால் துடைத்துவிட்டு, "இது ஓடாதா தம்பி?" என்று கேட்டார்.

ஓடும் ஐயா. அந்த மீட்டர் நன்றாகவே ஓடும். எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) போகும்போது மீட்டருக்கு சீல் இருந்தாக வேண்டும் என்பதால் காசு கட்டி, ஒரு நாள் சவாரியை விட்டு, வரிசையில் நின்று சீல் வாங்கித்தான் வைத்திருக்கிறோம். ஆனால் அதைப் போட்டால் ஜி.எச்.சுக்கு 75 ரூபாய் 40 காசுதான் காட்டும். பாட்டிக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் நூறு ரூபாய்க்குக் கூட்டிப் போனேன். இறங்கும்போது அவர் என்னை ஏமாற்றுக்காரனைப் போல்தான் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்த மனு.

2013 ஆகஸ்டில் அரசு கட்டணத்தை மாற்றியது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12 ரூபாய், காத்திருந்தால் ஐந்து நிமிடத்துக்கு மூன்றரை ரூபாய், இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை பாதி கூடுதல். அன்று சென்னையில் பெட்ரோல் லிட்டர் 75 ரூபாயை ஒட்டி விற்றது. அந்தக் கட்டணம் அன்றைக்கு நியாயமாக இருந்தது என்பதை மனதாரச் சொல்கிறோம். கட்டண அட்டை கொடுத்தார்கள், அதிகாரிகள் சாலையில் நின்று சோதனை செய்தார்கள், நாங்களும் மீட்டரைப் போட்டோம். அந்தச் சில மாதங்கள் சவாரி எப்படி இருந்தது என்று இன்னும் நினைவிருக்கிறது. ஆள் ஏறுவார், இடத்தைச் சொல்வார், மீட்டர் ஓடும், இறங்குவார், காசு கொடுப்பார். வாக்குவாதம் கிடையாது. பெண்கள் ராத்திரி நேரத்திலும் யோசிக்காமல் ஏறினார்கள். சென்னை ஆட்டோக்காரன் மீட்டர் போட மாட்டான் என்று பேசுகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான்: போட்டோம், கட்டுப்படியான வரை போட்டோம்.

அதற்கு முன் 2007-இல் முதல் இரண்டு கிலோமீட்டருக்கு 14 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 6 ரூபாய் என்று இருந்தது. அதை மாற்ற ஆறு வருடம் ஆனது. இப்போது பதினோரு வருடம் முடிந்து பன்னிரண்டாவது வருடம் பாதி ஓடிவிட்டது. இதற்கிடையே 2017 ஜூன் 16 முதல் நாடு முழுக்க பெட்ரோல் விலை தினமும் காலை ஆறு மணிக்கு மாறுகிறது. எரிபொருளுக்குத் தினம் ஒரு விலை, எங்கள் உழைப்புக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு ஒரே விலை என்றால் எப்படி ஐயா தாங்கும்? 2022 மே மாதத்துக்குப் பிறகு கிட்டத்தட்ட இரண்டு வருடம் சென்னையில் லிட்டர் 102 ரூபாய் 63 காசு. 2024 மார்ச்சில் இரண்டு ரூபாய் குறைந்தது. இன்றும் நூறுக்கு மேல்தான்.

எங்கள் வண்டிகளில் பெரும்பாலானவை கேஸில் ஓடுகிறவை. பெட்ரோல் டேங்க் அவசரத்துக்குத்தான். கேஸ் மலிவாயிற்றே என்று சிலர் சொல்கிறார்கள். கேஸ் விலையும் மாதா மாதம் மாறுகிறது. அதோடு பெட்ரோல் பங்க் மாதிரி தெருவுக்குத் தெரு கேஸ் பங்க் கிடையாது. நிரப்பப் போகவும் திரும்பவும் காலி ஓட்டம், வரிசையில் நிற்கிற நேரம் வேறு. காலையில் ஸ்கூல் சவாரி இருக்கும் நேரத்தில் கேஸ் தீர்ந்துபோனால் பெட்ரோலுக்கு மாற்றித்தான் ஓட்ட வேண்டும். அப்போது விழுவது முழு பெட்ரோல் விலை. மெட்ரோ வேலை தொடங்கியதிலிருந்து பெரம்பூர், ஓட்டேரி, அயனாவரம் பக்கம் எங்கே தடுப்பு, எங்கே சுற்றுவழி என்றே தெரியவில்லை. வண்டி முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமே ஊர்கிறது. மைலேஜ் எப்படி நிற்கும்? மெட்ரோ வேண்டாம் என்று சொல்லவில்லை, அது ஊருக்கு நல்லது. அதற்காக எரிகிற கேஸ் எங்கள் பையிலிருந்து போகிறது என்பதைத்தான் சொல்கிறோம்.

ஒரு நாள் கணக்கை அப்படியே எழுதுகிறேன். என் மகளின் பழைய கோடு போட்ட நோட்டில் தினமும் எழுதி வைப்பது பழக்கம். பிப்ரவரி 19, புதன்கிழமை. காலை ஆறு முதல் மாலை ஆறரை வரை. மொத்தம் ஓடியது 104 கிலோமீட்டர். அதில் ஆள் ஏறி ஓடியது 66, மீதி 38 காலி. சவாரி பதினான்கு. வசூல் 1,240 ரூபாய். கேஸ் 380, வண்டி வாடகை 350, சாப்பாடு டீ 120, அன்றைக்கு பிரேக் கேபிள் அறுந்து மாற்றியதில் 100. கையில் நின்றது 290 ரூபாய்.

இப்போது அதே நாளை மீட்டரில் போட்டுப் பாருங்கள். பதினான்கு சவாரிக்கும் 2013 கட்டணம் என்றால் சுமார் 840 ரூபாய்தான் வரும். செலவு 950. பன்னிரண்டரை மணி நேரம் ஓட்டிவிட்டு 110 ரூபாய் கைக்காசு போட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். சிக்னலில் நின்ற நேரத்துக்கு மீட்டர் காட்டுகிற சில்லறையைச் சேர்த்தாலும் பெரிதாக மாறாது. மீட்டர் போடாதவனுக்கு அபராதம் என்கிறது விதி. மீட்டர் போட்டால் தினமும் அபராதம் கட்டுகிற நிலைமை. இதற்கு நடுவில்தான் நாங்கள் ஒவ்வொரு சவாரியிலும் பேரம் பேசிக்கொண்டு நிற்கிறோம். அதில் நாங்கள் மட்டும் தோற்பதில்லை. பேசத் தெரிந்தவர் 100 ரூபாய்க்குப் போகிறார், பேசத் தெரியாதவர் 150 கொடுக்கிறார். ஊருக்குப் புதிதாக வருகிறவரிடம் இன்னும் அதிகம் கேட்கிறவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். அதை நாங்கள் மறைக்கவில்லை. சரியான கட்டணம் ஒன்று இருந்தால் அப்படிக் கேட்கிறவரை நாங்களே ஸ்டாண்டில் தட்டிக்கேட்போம். இப்போது எந்த முகத்தோடு கேட்பது?

பெட்ரோல் மீதான வரி தங்கள் கையில் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். 2014 தொடக்கத்தில் லிட்டருக்கு 9 ரூபாய் 48 காசாக இருந்த மத்திய கலால் வரி 2020-இல் 32 ரூபாய் 98 காசு வரை போய், பிறகு குறைக்கப்பட்டு 2022 மே மாதம் 19 ரூபாய் 90 காசுக்கு வந்தது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தன் பங்கில் மூன்று ரூபாய் குறைத்ததை நாங்கள் நன்றியோடு நினைக்கிறோம். விலை நிர்ணயிப்பது வேறு இடம். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 67-இன்படி ஆட்டோ கட்டணத்தை நிர்ணயிப்பது மாநில அரசு. அதற்கான பரிந்துரை தங்கள் அலுவலகத்திலிருந்து போக வேண்டியது. ஆகவேதான் தங்களிடம் வந்திருக்கிறோம்.

பக்கத்து ஊர்களைப் பாருங்கள் ஐயா. பெங்களூருவில் 2021 டிசம்பரில் முதல் இரண்டு கிலோமீட்டருக்கு 30 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 15 என்று ஆக்கினார்கள். கேரளாவில் 2022 மே முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30, பிறகு 15. மும்பையில் 2025 பிப்ரவரி முதல் தேதி குறைந்தபட்சக் கட்டணம் 23-லிருந்து 26 ஆனது. சென்னையில் மட்டும் 25-ம் 12-ம் அப்படியே நிற்கின்றன. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றமும் எரிபொருள் விலைக்கு ஏற்பக் கட்டணத்தை மாற்றச் சொன்னது. அந்த ஆண்டே சங்கங்களை அழைத்துக் கருத்துக் கேட்கப்பட்டது. நம்பிக்கையோடு காத்திருந்தோம். மூன்று வருடம் ஆகப்போகிறது.

ஆகவே நாங்கள் கேட்பது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50 ரூபாயும், அதன்பின் கிலோமீட்டருக்கு 18 ரூபாயும் என்று கட்டணத்தை மாற்றித் தர வேண்டும். என் புதன்கிழமைக் கணக்கை இந்தக் கட்டணத்தில் போட்டால் சுமார் 1,434 ரூபாய் வருகிறது. செலவு போக 480 ரூபாய்க்குச் சற்று மேல் நிற்கும். அந்தப் பாட்டியிடமும் 150 கேட்க வேண்டியிருக்காது, 126 ரூபாய்க்குள் முடியும். இது பேராசையா என்று தாங்களே சொல்லுங்கள்.

அதைவிட முக்கியமாக எங்களுக்குத் தோன்றுவது, ஆண்டுக்கு ஒரு முறை, ஒரு குறிப்பிட்ட தேதியில், கேஸ் மற்றும் பெட்ரோல் விலையைப் பார்த்துக் கட்டணத்தை மறுபரிசீலனை செய்கிற நிரந்தர ஏற்பாடு. விலை ஏறினால் ஏற்றுங்கள், இறங்கினால் இறக்குங்கள். இறக்கும்போது நாங்கள் போராட வர மாட்டோம். இதை 23 பேரும் பேசி ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறோம். ஒவ்வொரு தடவையும் பத்து வருடம் காத்திருந்து, ஒரே அடியாக ஏற்றும்போது பயணிகளுக்கும் வலிக்கிறது.

கட்டணம் மாறிய பிறகு மீட்டரைத் திருத்துகிற செலவு எங்கள் தலையில் விழாமல், பகுதிவாரியாக முகாம் போட்டு ஒரே நாளில் திருத்தி சீல் வைத்துத் தர உதவ வேண்டும். 2013-இல் ஜி.பி.எஸ். வசதியுள்ள டிஜிட்டல் மீட்டர் இலவசமாகத் தரப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அது எங்கள் வண்டிகளில் இன்னும் ஏறவில்லை. இப்போதாவது கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காவிட்டாலும் கட்டண மாற்றத்தை அதற்காக நிறுத்தி வைக்க வேண்டாம். புதிய கட்டண அட்டையைப் பெரிய எழுத்தில் தமிழில் அச்சடித்துக் கொடுத்தால் பயணியின் கண்ணுக்கு எதிரே ஒட்டிக்கொள்கிறோம்.

இந்த மனு மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறோம். நேரில் விசாரணைக்கு அழைத்தால் எந்த நாளானாலும் நோட்டோடு வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெரம்பூர் ரயில் நிலையப் பகுதி ஆட்டோ ஓட்டுநர்கள்

இணைப்பு:
2013 கட்டண அட்டை நகல்
பிப்ரவரி மாத தினசரி வரவு செலவு நோட்டின் நகல்
23 ஓட்டுநர்களின் கையெழுத்துப் பட்டியல்